தாய்க்கொடிக்கு நான் கொடுத்த சான்றிதழ்

முனைவர் பட்ட ஆராய்ச்சியில் சேர வேண்டுமென்றால் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். "ஆராய்ச்சிப் பின்னணியும் ஈடுபாடுகளும்" என்று அதற்குப் பெயர். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லும் பொய்க்கு அடுத்தபடியாக, ஊர் உலகம் ஏற்றுக்கொண்ட பொய் இதுதான். அங்கேயாவது கேட்கிறவர்கள் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பார்கள். இங்கே முழுதாக நம்பிச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எனக்கு முன்னால் சேர்ந்தவர்கள் எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்தேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் சிறு வயதிலேயே பட்டாம்பூச்சியைப் பார்த்து வியந்திருந்தார்கள். ஒருவர் ஆறு வயதில் கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு உயிரினங்கள் எப்படித் தோன்றியிருக்கும் என்று யோசித்திருக்கிறார். ஆறு வயதில் நான் கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தேன்.

என் உண்மையான பின்னணி வேறு. மருத்துவத்துக்கு மதிப்பெண் போதவில்லை. உயிரியல் தொழில்நுட்பம் படித்தால் வெளிநாடு போகலாம் என்று தேனியில் எங்கள் வாடகை வீட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் சொன்னார். வெளிநாடு போகாதவர் சொன்னதைக் கேட்டுச் சேர்ந்தேன். முதுகலையில் மற்ற பிரிவுகளில் எலியை அறுக்கச் சொன்னார்கள். மூலக்கூறு பரிணாமத்தில் மட்டும் கணினி முன்னால் உட்கார்ந்தால் போதும் என்றார்கள். என் ஈடுபாடு அந்த நாற்காலியில் தொடங்கியது.

அது என்ன படிப்பு என்று கேட்கிறவர்களுக்கு இப்படித்தான் சொல்லுவேன். உயிருள்ள எல்லாவற்றுக்குள்ளும் நாலே நாலு எழுத்தில் ஒரு நீளமான பாடம் எழுதியிருக்கிறது. செல் பிரியும்போதெல்லாம் அந்தப் பாடத்தைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும்போது பிழை விழும். அந்தப் பிழைகளை எண்ணிப் பார்த்து, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. பரீட்சை ஹாலில் காப்பியடித்தவனைப் பிடிக்கிற வாத்தியார் செய்வதும் இதுதான். அவருக்கு யாரும் முனைவர் பட்டம் கொடுப்பதில்லை.

இதையெல்லாம் அப்படியே எழுதினால் சேர்ப்பார்களா? ஆகவே, "கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலுக்கு அடியில் வளர்ந்தவள் நான்" என்று ஆரம்பித்தேன். நான் வளர்ந்தது தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இரண்டாவது மாடியில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். திராட்சைத் தோட்டம் பெரியப்பாவுடையது. உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டிக்குப் போகிற பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். வருஷத்துக்கு ஒரு தடவை மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பந்தலுக்கு அடியில் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புவோம். வளர்ந்தேன் என்று எழுத அது போதும் என்று பட்டது.

பந்தலை எழுதியதால் திராட்சையே என் ஆராய்ச்சியாகிப் போனது. நல்ல பொருள்தான், அதில் பொய்யில்லை. திராட்சையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. கவாத்து செய்யும்போது வெட்டிய குச்சியை மண்ணில் ஊன்றுகிறார்கள். குச்சியிலிருந்து கொடி, அந்தக் கொடியிலிருந்து அடுத்த குச்சி. அப்படிப் பார்த்தால் கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை தொங்குகிற கறுப்புப் பன்னீர் திராட்சை எல்லாம் ஒரே கொடிதான். ஆயிரக்கணக்கான இடங்களில் நிற்கிறது. இடையில் விழுந்த எழுத்துப் பிழைகளை எண்ணினால் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்குக் குச்சி போனது என்று சொல்லிவிடலாம். ஆனால் எண்ணத் தொடங்குவதற்கு ஆகப் பழைய கொடி ஒன்று உயிரோடு வேண்டும். மற்ற தோட்டங்களில் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டுவிடுகிறார்கள். பழைய கொடி இல்லையென்றால் என் ஆராய்ச்சி இல்லை. சேர்ந்து ஒரு வருஷம் முடியும்போது ஆதாரத்தோடு கமிட்டி முன்னால் நிற்க வேண்டும்.

பெரியப்பா ஊரில் பழைய கொடி ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. வேதம் போதிக்க வந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கப்பலில் கொண்டுவந்த முதல் குச்சியை எங்கள் பூட்டனிடம் கொடுத்தார் என்பது எங்கள் வீட்டு வரலாறு. எதிர்த்தோட்டத்துப் பூட்டனிடம் கொடுத்தார் என்பது எதிர்த்தோட்டத்து வரலாறு. சாமியார் எந்த நாட்டுக்காரர் என்று இரண்டு வீட்டுக்கும் தெரியாது. ஆனால் என்ன கிழமை கொடுத்தார், கொடுக்கும்போது என்ன சொன்னார் என்பதெல்லாம் இரண்டு வீட்டுக்கும் மனப்பாடம். எங்கள் கொடி கிணற்றடியில் நின்றது. அவர்களுடையது மோட்டார் ரூம் கூரைமேல் ஏறிக் கிடந்தது.

திருவிழாப் பூசையில் திராட்சைக் கூடைகளைக் காணிக்கையாகத் தூக்கிக்கொண்டு பவனி வருவார்கள். தாய்க்கொடியின் கூடைதான் முன்னால் போக வேண்டும். தாய்க்கொடி எது என்பதில்தான் சண்டை. ஒரு வருஷம் இரண்டு வீட்டுக் கூடையும் ஒரே சமயத்தில் கோயில் வாசலுக்குள் நுழையப் போய், நிலையில் சிக்கி, பழமெல்லாம் மிதிபட்டு, அன்றைக்குப் பிரசங்கம் முழுக்கத் தாழ்மையைப் பற்றியே நடந்ததாம். கேட்டவர்களில் ஒருவர்கூடத் தாழவில்லை. கடைசியில் ஒரு வருஷம் இவர்கள், ஒரு வருஷம் அவர்கள் என்று முறை வைத்தார்கள். இரண்டு குடும்பமும் அதற்குப் பிறகு பேசிக்கொள்வதில்லை.

நான் இலை எடுக்கப் போனபோது பெரியப்பா கிணற்றடியில் செருப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். கத்தரிக்கோலை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேல கை வைக்காத ஆத்தா. காய் பிடிச்சுருச்சு. மாதாவுக்கு மொதக் கூடை போற மட்டும் மேக்கொடியில நகம் படக் கூடாது. அது வழக்கம்."

"நாலு இலை போதும் பெரியப்பா."

"நாலு என்ன, நாப்பது எடு. இந்தா, அடியில வெடிச்சு வருது பாரு, அதுல எடுத்துக்க. எப்படியும் கிள்ளித்தான் போடுவோம். இலைன்னா எல்லாம் இலைதான?"

அடித்தண்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இளங்கிளை ஒன்று வந்திருந்தது. அதன் இலை வட்டமாக, பளபளவென்று இருந்தது. பந்தல்மேல் இருந்த இலைகளோ விரல் விரித்தாற்போல் பிளந்திருந்தன. இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். பரிணாமம் படித்தவளுக்கு ஒரே செடியில் இரண்டு விதமான இலை இருப்பது உறைக்கவில்லை. "இளந்தளிர், வடிவம் சற்று மாறுபடுகிறது" என்று நோட்டில் அழகாக எழுதி வைத்தேன். பள்ளத்தாக்கில் களை எடுக்கிற யாரிடம் அந்த இலையைக் காட்டிக் கேட்டிருந்தாலும் நின்ற இடத்திலேயே சொல்லியிருப்பார்கள். கேட்டால் ஆராய்ச்சியாளருக்கு மரியாதை என்னாவது?

எதிர்த்தோட்டத்திலும் நாலு இலை எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"நீ அங்கன காலெடுத்து வச்சேன்னா இங்கன வராத" என்றார் பெரியப்பா.

நானும் வற்புறுத்தவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எங்கள் கொடிதான் பழசு என்பதற்கு எங்கள் வீட்டில் அத்தனை பேரும் சாட்சி. "குடும்ப வாய்மொழி மரபு இதை உறுதி செய்கிறது" என்று என் ஆராய்ச்சிப் பின்னணியில் ஒரு வரி சேர்த்தேன்.

முடிவு வந்தது. பள்ளத்தாக்கில் மற்ற தோட்டங்களில் எடுத்த இலைகள் எல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எழுத்துகளில்தான் வேறுபட்டன. பெரியப்பாவின் கொடி பக்கம் பக்கமாக வேறுபட்டது. என் வழிகாட்டிப் பேராசிரியர் தன் அறையை விட்டு எழுந்து என் மேஜைக்கு வந்தார். அவர் எழுந்து வந்ததே ஆய்வகத்தில் ஒரு வாரம் பேச்சாக இருந்தது.

"இது பெரிய விஷயம்மா. இப்படி ஒரு கிளை இருக்குன்னே யாருக்கும் தெரியாது. பேக்ரவுண்டை மாத்தி எழுதுங்க" என்றார்.

மாற்றி எழுதினேன். "இதுவரை அறியப்படாத தொல் கிளை" என்று எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். அம்மா பெரியப்பாவிடம் சொன்னாள். பெரியப்பா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சொன்னார். அதற்குமேல் சொல்ல ஊரில் ஆள் மிச்சமில்லை.

பதினைந்து நாள் கழித்து, தெரிந்த திராட்சை வகைகள் அத்தனையோடும் அதை ஒப்பிட்டேன். முதல் வேலையாகச் செய்திருக்க வேண்டியதைப் பெருமை ஓய்ந்த பிறகு செய்தேன். ஒன்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. அமெரிக்கக் காட்டுத் திராட்சை. வேரைத் தின்னும் நூற்புழுவை அது தாங்கும் என்பதால், அதன் அடித்தண்டில் நம் பன்னீர்க் குச்சியை ஒட்டுக்கட்டி நாற்றுப்பண்ணைகளில் விற்கிறார்கள். ஒட்டுக்கு மேலே பன்னீர், கீழே காட்டுக்கொடி. நான் இலை கிள்ளியது ஒட்டுக்குக் கீழே. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் குரங்கைப் பிடித்துவைத்துப் பிள்ளையார் என்று கும்பிட்டிருக்கிறேன்.

அவமானம் அத்தோடு நிற்கவில்லை. மறுபடி யோசித்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. வெள்ளைக்காரச் சாமியார் நாற்றுப்பண்ணைச் செடியையா கப்பலில் கொண்டுவந்தார்? பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பெரியப்பா, கிணத்தடிக் கொடி ஒட்டுக்கொடியா?"

பெரியப்பா மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

"யாரு சொன்னாக?"

"இலை சொல்லுது."

"பழைய கொடி பட்டுப்போச்சு ஆத்தா. வேரெல்லாம் முடிச்சு முடிச்சா ஆயிப்போச்சு. நான் என்ன செய்ய? அதே குழியிலதான் வச்சேன். அதே கெணத்துத் தண்ணிதான் பாயுது."

"எப்ப?"

"நீ பத்தாவது படிக்கையில."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும். மாதாவுக்குத் தெரியும். இப்ப ஒனக்கும் தெரிஞ்சுபோச்சு. மூணு பேரோட இருக்கட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைக்கிற மனுஷன் என்று எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு போய்ப் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அரை நிமிஷம்கூட வருத்தப்படவில்லை.

"அந்த சாம்பிளை விட்டுடுங்க. ஒத்துவரலைன்னு ஒரு வரி போட்டா போதும், ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஊர்ல இன்னொரு பழைய கொடி இருக்குன்னு சொன்னீங்களே, அதை வச்சு எழுதிடலாம்."

அதே குழியில் வேறு கொடியை வைக்கச் சொல்கிறார். என் பெரியப்பாவும் இவரும் ஒரே வயிற்றில் பிறந்திருக்க வேண்டியவர்கள். ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி. மோட்டார் ரூம் கூரைமேல் இருக்கிற கொடி உண்மையிலேயே பழசாக இருக்கலாம். இருந்தால் அது ஒன்றுதான் பள்ளத்தாக்கில் மிச்சம். என் படிப்பும் அதில்தான் இருந்தது. திருவிழா முடிந்ததும் அந்த வீட்டில் கேட்டு இலை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

திருவிழாவுக்குப் போய் இறங்கினால் பஸ் நிற்கிற இடத்தில் ஆளுயர ஃபிளக்ஸ். பட்டமளிப்பு அங்கியில் நான், பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு பெரியப்பா, நடுவில் திராட்சைக் கொத்து. "அமெரிக்க ஆராய்ச்சி போற்றும் எங்கள் தாய்க்கொடி!" அதில் அமெரிக்கா என்ற சொல் மட்டும் உண்மை.

இந்த வருஷம் முறைப்படி எதிர்த்தோட்டத்துக் கூடை முன்னால் போக வேண்டும். ஃபிளக்ஸைக் காட்டி, இனிமேல் முறையே கிடையாது, எல்லா வருஷமும் எங்களுக்குத்தான் என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். பஞ்சாயத்து பூசை நேரம் வரைக்கும் முடியவில்லை. ஊரே கோயில் முற்றத்தில் கூடியிருக்க, பங்குச் சாமியார் மைக்கைப் பிடித்தார்.

"ஆராய்ச்சி செஞ்ச நம்ம பங்கு மகளே இங்கன இருக்காக. அவுகளே வந்து சொல்லட்டும். அதோட இந்த வழக்கு முடியட்டும்."

கூட்டம் விலகி வழி விட்டது. பெரியப்பா வெள்ளைச் சட்டையில் கூடையை அணைத்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எதிர்த்தோட்டத்துக்காரர், என் அப்பா வயதுக்காரர், என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் பகை இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர் போலத்தான் நின்றார்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். அது முழுப் பொய்யும் இல்லை, யாரையும் சாய்க்கவும் செய்யாது. இத்தனை வருஷப் படிப்பில் "மேலும் ஆய்வு தேவை" என்று நூறு தடவை எழுதிப் பழகியவள், அதையாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"எங்க பெரியப்பா தோட்டத்துக் கொடிதான் தாய்க்கொடி. ஆராய்ச்சியில தெரிஞ்சுபோச்சு."

கைதட்டினார்கள். வேட்டுப் போட்டார்கள். எதிர்த்தோட்டத்துக்காரர் தன் கூடையைப் பின்னுக்குக் கொண்டுபோனார். எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுத வேண்டும், இருந்ததும் உண்மை. ஆனால் மைக்கில் சொன்ன அந்த நிமிஷம் சந்தோஷமாகவும் இருந்தது. நான் சொன்னதற்கு வேட்டுப் போட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாளே போய் அவரிடம் இலை கேட்க முகமில்லை. ஆய்வகத்துக்குத் திரும்பிவிட்டேன். ஒரு வாரம் போகட்டும் என்றேன், அப்புறம் இன்னொரு வாரம். கமிட்டிக்கு நாள் நெருங்கிய பிறகு, பெரியப்பாவுக்குத் தெரியாமல் பஸ் ஏறினேன். இலையை வாங்கிப் பரிசோதித்துவிட்டு, அவர்கள் கொடிதான் பழசு என்று வந்தால் அவரிடமும் சாமியாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன். உண்மையைச் சொல்வதற்குக்கூட முடிவு வரட்டும் என்று காத்திருக்கிற சாதி நாங்கள்.

எதிர்த்தோட்டத்தில் புதிதாகக் கல்தூண் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் ரூம் கூரைமேல் ஒன்றுமில்லை. ஓடு மாற்றியிருந்தார்கள்.

"வா ஆத்தா, வா. ஒங்க பெரியப்பா வைய மாட்டாரா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார் எதிர்த்தோட்டத்துக்காரர்.

"கூரை மேல இருந்த கொடி எங்க மாமா?"

"அது எடுத்தாச்சு. திருவிழா முடிஞ்ச மறுவாரமே ஜேசிபிய வச்சு எடுத்தாச்சு. காய்ச்சா நாலு கொத்து. ஓட்டையெல்லாம் பேத்துருச்சு. எங்கய்யா காலத்துலயிருந்து எல்லாரும் வெட்டு வெட்டுன்னுதான் சொன்னாக. தாய்க்கொடியா இருந்துட்டா பாவமாச்சேன்னுதான் விட்டு வச்சிருந்தோம். நீ சொன்ன பெறகுதான் வெட்ட மனசு வந்துச்சு."

"வேர், தண்டு, ஏதாச்சும் கெடக்கா?"

"எரிச்சு வாழைக்குப் போட்டாச்சே. ஏன், எதுக்கும் வேணுமா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

"இல்ல மாமா. சும்மா கேட்டேன்."

அவர் தலையாட்டினார். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"எங்க ஆளுகள்லாம் அந்தப் பிள்ளை அவுக பெரியப்பன் பக்கந்தான் பேசும், நம்பாதன்னாக. நான்தான் சத்தம் போட்டேன். படிச்ச பிள்ளை, மாதா முன்னால நின்னு பொய் சொல்லுமான்னு கேட்டேன். எத்தனை வருசத்துச் சண்டை ஆத்தா! இன்னிக்குக் காலையில ஒங்க பெரியப்பா என்கிட்ட நின்னு பேசிட்டுப் போறாரு."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. தோட்டத்தின் தலைமாட்டில் வெட்டிவைத்திருந்த முதல் குழிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் நாற்றுப்பண்ணைப் பைகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

"நீதான் எங்களுக்கு நல்லது செஞ்ச. மொதச் செடிய ஒன் கையால வச்சுட்டுப் போ."

மறுக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. குழியில் இறங்கி, அவர் காட்டிய இடத்தில் செடியை நிறுத்தி, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி மூடினேன். மேலே ஏறி வந்ததும் அவர் எனக்கு நன்றி சொன்னார்.